5.34 லட்சமும் 28 ஆயிரமும்: அமெரிக்க, இந்தியக் குடும்பச் செலவுகளை எப்படி ஒப்பிடுவது?

அமெரிக்காவில் ஒரு குடும்பம் 2023ஆம் ஆண்டில் சராசரியாக 77,280 டாலர் செலவு செய்தது. இது அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகத்தின் கணக்கு. மாதத்துக்கு 6,440 டாலர். அப்போதைய மாற்று விகிதம் டாலருக்குச் சுமார் 83 ரூபாய். ஆக, மாதம் 5.34 லட்சம் ரூபாய்.

இந்தியாவில் 2023 ஆகஸ்ட் முதல் 2024 ஜூலை வரை நடந்த குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, நகரத்தில் ஓர் ஆள் மாதம் 6,996 ரூபாய் செலவு செய்கிறார். கிராமத்தில் 4,122 ரூபாய். நகரத்தில் நான்கு பேர் கொண்ட குடும்பம் என்று வைத்துக்கொண்டால், மாதம் சுமார் 28 ஆயிரம் ரூபாய்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் இரண்டு விதமான முடிவுகள் கிளம்பும். "அவர்கள் நம்மை விட இருபது மடங்கு நன்றாக வாழ்கிறார்கள்" என்பது ஒன்று. "அங்கே விலைவாசி அப்படி, கணக்குப் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான்" என்பது இன்னொன்று. இரண்டுமே அவசர முடிவுகள். இரண்டு நாட்டுக் கணக்கெடுப்புகளும் நேர்மையாக எடுக்கப்பட்டவை. ஆனால் "குடும்பம்" என்றும் "செலவு" என்றும் அவை எதைச் சொல்கின்றன என்று பார்க்காமல் ஒப்பிட்டால், எண் சரியாக இருந்தும் முடிவு தப்பாகிவிடும். எண் மாறாமலே இடைவெளி முப்பது மடங்காகவும் ஐந்து மடங்காகவும் ஆவதைக் கீழே ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம்.

குடும்பம் என்றால் யார்?

இந்தியக் கணக்கெடுப்பின் இலக்கணம் அடுப்பிலிருந்து தொடங்குகிறது. வழக்கமாக ஒன்றாக வசித்து, ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். ஒரே வீட்டின் மாடியில் மகனும் மருமகளும் தனியாகச் சமைத்து, கீழே பெற்றோர் தனியாகச் சமைத்தால், வாசல் ஒன்றாக இருந்தாலும் கணக்கில் அது இரண்டு குடும்பம். உலை வேறானால் குடும்பமும் வேறு.

அமெரிக்கக் கணக்கெடுப்பு பணப்பையைப் பார்க்கிறது. அங்கே அலகின் பெயரே "நுகர்வு அலகு". உறவினர்களாகச் சேர்ந்து வாழ்கிறவர்கள், அல்லது உறவு இல்லாவிட்டாலும் முக்கியச் செலவுகளைச் சேர்ந்து செய்கிறவர்கள் ஓர் அலகு. ஒரே வீட்டில் அறை எடுத்துத் தங்கி, தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் மூன்று இளைஞர்கள் மூன்று தனி அலகுகள். 2023இல் ஓர் அலகில் சராசரியாக 2.5 பேர்தான் இருந்தார்கள்.

அதனால் குடும்பத்தைக் குடும்பத்தோடு ஒப்பிடுவது நியாயமில்லை. நான்கு பேர் செலவையும் இரண்டரைப் பேர் செலவையும் தராசில் வைத்தது போலாகிவிடும். ஆள் கணக்குக்கு மாற்றினால் அமெரிக்காவில் ஒருவருக்கு மாதம் 2,576 டாலர், அதாவது சுமார் 2.14 லட்சம் ரூபாய். இந்திய நகரத்தில் 6,996 ரூபாய். குடும்பக் கணக்கில் 19 மடங்காக இருந்த இடைவெளி, ஆள் கணக்கில் 30 மடங்கைத் தாண்டுகிறது.

டாலரை 83ஆல் பெருக்குவதில் என்ன சிக்கல்?

மாற்று விகிதம் என்பது அந்நியச் செலாவணிச் சந்தையில் டாலருக்குக் கிடைக்கும் விலை. ஏற்றுமதி, இறக்குமதி, முதலீடு, வட்டி எல்லாம் சேர்ந்து தீர்மானிப்பது. நம்மூர் சலூனில் முடி வெட்டிக்கொள்ள ஆகும் செலவுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. முடிவெட்டுதலைக் கப்பலில் ஏற்றி அமெரிக்காவுக்கு அனுப்ப முடியாது. சம்பளம் குறைவான நாட்டில் இப்படிப்பட்ட சேவைகள் மலிவாகவே இருக்கும்.

இதைச் சரிசெய்யப் பொருளியலாளர்கள் பயன்படுத்துவது வாங்கும் திறன் சமநிலை. அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைக்கும் பொருள்களை இந்தியாவில் வாங்க எத்தனை ரூபாய் வேண்டும் என்பதே அது. உலக வங்கி ஒருங்கிணைக்கும் சர்வதேச ஒப்பீட்டுத் திட்டத்தின் 2017ஆம் ஆண்டுச் சுற்றில் இந்தியாவுக்கு வந்த விடை 20.65 ரூபாய். அதே ஆண்டில் மாற்று விகிதம் 65.12 ரூபாய். அதாவது டாலரை மாற்றிக் கையில் வாங்கிய ரூபாய்க்கு, அமெரிக்காவில் கிடைப்பதைப் போல மூன்று மடங்குக்கு மேல் இங்கே வாங்கலாம்.

தோராயமாக 20 ரூபாய் என்று எடுத்துக்கொள்வோம். 6,996 ரூபாய் 350 டாலர் ஆகிறது. முப்பது மடங்கு இடைவெளி ஏழரை மடங்குக்குச் சற்றுக் கீழே வந்துவிடுகிறது.

ஆனால் இந்த 20 ரூபாய் எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது. பெட்ரோலைப் பாருங்கள். அந்தக் காலகட்டத்தில் சென்னையில் லிட்டர் நூறு ரூபாயை ஒட்டியே இருந்தது. 20ஆல் வகுத்தால் லிட்டருக்கு 5 டாலர். அமெரிக்காவில் ஒரு காலன், அதாவது ஏறக்குறைய 3.8 லிட்டர், மூன்றரை டாலர் அளவில் கிடைத்தது. லிட்டருக்கு ஒரு டாலர்கூட இல்லை. செல்போன், கார், சமையல் எண்ணெய் போன்ற உலகச் சந்தைப் பொருள்களுக்கும் இதே கதைதான். "இந்தியாவில் எல்லாம் மலிவு" என்பது மனித உழைப்புக்குப் பொருந்தும். பெட்ரோலுக்குப் பொருந்தாது. இங்கே மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் யாரோ ஒருவருடைய குறைந்த கூலி என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எதெல்லாம் செலவு?

ஒப்பீடுகள் அதிகமாகத் தடுமாறுவது இந்த இடத்தில்தான். தலைப்பு ஒன்றாக இருக்கும், உள்ளடக்கம் வேறாக இருக்கும்.

1. ஓய்வூதியப் பிடித்தம். அமெரிக்கக் கணக்கில் "தனிநபர் காப்பீடும் ஓய்வூதியமும்" என்று ஒரு தலைப்பு உண்டு. 2023இல் அது 9,556 டாலர், மொத்தச் செலவில் 12.4 சதவீதம். அதில் பெரும்பகுதி சமூகப் பாதுகாப்பு வரியாகவும் ஓய்வூதியப் பங்களிப்பாகவும் சம்பளத்தில் பிடிக்கப்படுவது. நம்மூர் வருங்கால வைப்பு நிதிப் பிடித்தம் மாதிரி. இந்தியக் கணக்கெடுப்பு இதை நுகர்வாகவே எடுத்துக்கொள்வதில்லை, சேமிப்பு என்று விட்டுவிடுகிறது. ஆக, அமெரிக்க எண்ணிலிருந்து இதைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். கழித்தால் 67,724 டாலர். ஆளுக்கு மாதம் 2,257. இடைவெளி ஆறரை மடங்கு.

2. வீடு. அமெரிக்கக் குடும்பம் வீட்டுக்குச் செலவிடுவது 25,436 டாலர், 32.9 சதவீதம். இந்திய நகரத்தில் வாடகைக்குப் போவது 6.56 சதவீதம் என்கிறது 2022-23 கணக்கெடுப்பு (கீழே வரும் இந்தியப் பொருள்வாரி விவரங்களும் அதே கணக்கெடுப்பிலிருந்து எடுத்தவை). ஐந்து மடங்கு வித்தியாசமா? இல்லை. அமெரிக்கத் தலைப்பின்கீழ் மின்சாரம், தண்ணீர், எரிவாயு, தொலைபேசி, மேசை நாற்காலி, வீட்டுப் பராமரிப்பு எல்லாம் அடங்கும். குடியிருப்புக்கு மட்டும் ஆகும் செலவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. இந்தியக் கணக்கில் எரிபொருளும் மின்சாரமும் தனியாக 6.26 சதவீதம், நீடித்த பயன்பாட்டுப் பொருள்கள் தனியாக 7.17 சதவீதம்.

இந்த 6.56 சதவீதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். 2022-23இல் நகரத்தில் ஆள் செலவு 6,459 ரூபாய். அதில் 6.56 சதவீதம் 424 ரூபாய். நான்கு பேர் குடும்பத்துக்கு மாத வாடகை 1,700 ரூபாய்! சென்னையிலோ கோவையிலோ வாடகை வீடு தேடி அலைந்த எவரும் இந்தத் தொகையை நம்ப மாட்டார்கள். எண் பொய் இல்லை. சொந்த வீட்டில் இருப்பவரின் வாடகை சுழியம். பத்தாயிரம், பதினைந்தாயிரம் கொடுக்கும் குடும்பங்களின் வாடகையை, ஒன்றுமே கொடுக்காத குடும்பங்களோடு சேர்த்துப் பகிர்ந்தால் வருவதுதான் 1,700.

வீட்டுக் கடனிலும் இதே குழப்பம் உண்டு. அமெரிக்கக் கணக்கு, தவணையில் வட்டியைச் செலவில் சேர்க்கும், அசலைச் சேர்க்காது. இந்தியக் கணக்கில் வீடு கட்டுவதும் மனை வாங்குவதும் நுகர்வே அல்ல. மாதச் சம்பளத்தில் பாதியைத் தவணையாகக் கட்டிக்கொண்டு மூச்சுத் திணறும் நம்மூர்க் குடும்பம் இந்தக் கணக்கெடுப்பில் வாடகை இல்லாத, செலவு குறைந்த குடும்பமாகத்தான் தெரியும்.

3. போக்குவரத்து. அமெரிக்காவில் 13,174 டாலர், 17 சதவீதம். கார் வாங்கும் விலை, காப்பீடு, பழுதுபார்ப்பு, பெட்ரோல் எல்லாம் சேர்த்து. பெட்ரோலுக்கு மட்டும் ஏறக்குறைய 2,700 டாலர். இந்திய நகரத்தில் "போக்குவரத்து" 8.59 சதவீதம். ஆனால் பைக்கோ காரோ வாங்கினால் அது நீடித்த பொருள்கள் பக்கம் போய்விடும். பாதிதான் என்று எழுதிவிட முடியாது.

4. கல்வி. அமெரிக்கக் குடும்பத்தின் கல்விச் செலவு 1,656 டாலர், வெறும் 2.1 சதவீதம். இந்திய நகரத்தில் 5.78 சதவீதம். இதைப் பார்த்து அமெரிக்கர்கள் படிப்புக்குக் காசு செலவழிப்பதில்லை என்று நினைத்தால் தப்பு. அங்கே பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகள் இலவசம். அந்தப் பள்ளிகளுக்குப் பெரும் பணம் உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது. அந்தச் சொத்து வரி குடும்பக் கணக்கில் எங்கே பதிகிறது? வீட்டுச் செலவில். ஆக, அமெரிக்கத் தந்தை தன் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கும் பணத்தின் ஒரு பங்கு "வீடு" என்ற தலைப்புக்குள் இருக்கிறது. நம்மூர்த் தந்தை அதே பணத்தை ஜூன் மாதம் பள்ளி அலுவலக ஜன்னலில் கட்டி ரசீது வாங்குகிறார்.

மருத்துவம்: ஒரே சதவீதம், இரண்டு உலகங்கள்

இந்தத் தலைப்பைத் தனியாக எடுத்துப் பேச வேண்டும். அமெரிக்கக் குடும்பம் மருத்துவத்துக்குச் செலவிடுவது 6,159 டாலர், 8 சதவீதம். இந்தியாவில் கிராமத்தில் 7.13, நகரத்தில் 5.91 சதவீதம். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு நாடுகளும் ஒரே நிலையில் இருக்கின்றன.

அமெரிக்காவின் மொத்த மருத்துவச் செலவு 2023இல் ஆளுக்கு 14,570 டாலர், நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 17.6 சதவீதம். குடும்பக் கணக்கில் தெரிவதோ ஆளுக்குச் சுமார் 2,460 டாலர், ஆறில் ஒரு பங்கு. மிச்சம் முதலாளி கட்டும் காப்பீட்டுத் தவணையாகவும், முதியோர், ஏழைகளுக்கான அரசுத் திட்டங்களாகவும் வேறு வழியில் போகிறது. முதலாளி கட்டும் தவணையும் கடைசியில் தொழிலாளியின் சம்பளத்தில் குறையும் பணம்தான். ஆனாலும் குடும்பச் செலவுக் கணக்கில் அது தெரியாது.

இந்தியாவில் நிலைமை வேறு. 2021-22 தேசிய சுகாதாரக் கணக்கின்படி, மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் தங்கள் கையிலிருந்து நேரடியாகக் கொடுத்தது. 2013-14இல் இது 64.2 சதவீதமாக இருந்தது. குறைந்திருக்கிறது, நல்லது. ஆனால் இந்தச் செலவு வரும் விதம்தான் கொடுமையானது. காப்பீட்டுத் தவணை மாதாமாதம் சீராகப் போகும். ஆஸ்பத்திரிச் செலவு ஒரே இரவில் வரும். ஒரு தெருவில் முப்பது வீட்டில் இருபத்தொன்பது பேர் நலமாக இருந்து, ஒரு வீட்டில் மட்டும் நகையை அடகு வைத்து மூன்று லட்சம் கட்டியிருந்தால், சராசரி அதை வீட்டுக்குப் பத்தாயிரமாகப் பிரித்துக் காட்டும். அந்த ஒரு வீடு கணக்கில் காணாமல் போய்விடும்.

காசு கொடுக்காமல் கிடைப்பவை

இந்தியக் கணக்கெடுப்பு அண்மைச் சுற்றுகளில் இரண்டு விதமாக எண்களைத் தருகிறது. முதலாவது, நாம் மேலே பயன்படுத்தியது. இரண்டாவது, அரசுத் திட்டங்களில் இலவசமாகக் கிடைத்த பொருள்களுக்கு ஒரு மதிப்புப் போட்டுச் சேர்த்தது. ரேஷன் அரிசி, மடிக்கணினி, மிதிவண்டி, பள்ளிச் சீருடை போன்றவை இதில் வரும். இதற்குக் கற்பித மதிப்பு என்று பெயர். சேர்த்தால் கிராமத்து எண் 4,122இலிருந்து 4,247 ஆகிறது. நகரத்தில் 6,996 என்பது 7,078. தமிழ்நாட்டுக் கிராமத்தில் 5,701 என்பது 5,872. ரேஷன் அரிசி இலவசமாகக் கிடைக்கும் மாநிலத்தில் இந்த உயர்வு ரூபாய்க் கணக்கில் அகில இந்திய அளவை விடக் கூடுதல். சதவீதமாகப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய 3தான்.

ஆனால் இந்த மதிப்பு பொருள்களுக்கு மட்டும்தான். இலவசச் சேவைகளுக்குக் கிடையாது. அரசு மருத்துவமனையில் நடந்த பிரசவம், அரசுப் பள்ளியில் கிடைத்த படிப்பு இரண்டுக்கும் மதிப்புப் போடுவதில்லை. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் பெண்கள் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாமல் போகிறார்கள். கட்டட வேலைக்கோ துணிக்கடைக்கோ தினமும் இரண்டு பேருந்து மாறிப் போகும் ஒரு பெண்ணுக்கு மாதம் மிச்சமாகும் பணம் சிறியதல்ல. அவர் வாழ்க்கை மேம்பட்டிருக்கிறது. கணக்கெடுப்பிலோ அவர் குடும்பத்தின் போக்குவரத்துச் செலவு குறைந்திருக்கும். செலவு குறைந்தால் ஏழை என்று படிக்கிறவர்களுக்கு இந்த இடத்தில் கணக்குத் தலைகீழாகிவிடும்.

வீட்டுக்குள் நடக்கும் வேலைக்கும் இதே கதி. அமெரிக்காவில் இரண்டு வயதுக் குழந்தையைக் காப்பகத்தில் விட்டால் அது பெரும் செலவு, கணக்கில் ஏறும். இங்கே பாட்டி பார்த்துக்கொண்டால் ஒரு ரூபாய்கூட ஏறாது. மாவு அரைப்பது, மூன்று வேளைச் சமையல், வயதானவர்களைக் கவனிப்பது என்று நாள் முழுக்க ஒரு பெண் உழைக்கும் வீட்டில் "செலவு குறைவு" என்றால், அந்தக் குறைவை யார் சுமக்கிறார் என்று கேட்காமல் விடக்கூடாது. நம் சராசரி குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம், பெருமைப்பட வேண்டிய காரணம் அல்ல.

இன்னொரு சிறு விவரம். சமைத்த சாப்பாடு யார் வாயில் போனாலும், சமைத்த வீட்டின் கணக்கில் ஏற்றுவது இந்தியக் கணக்கெடுப்பின் நெடுநாள் வழக்கம். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குக் காலையில் கொடுக்கும் நான்கு இட்லி, வேலை கொடுத்த வீட்டின் உணவுச் செலவு. அவருடைய வீட்டுக் கணக்கில் அந்தக் காலைச் சாப்பாடு இருக்காது.

சாப்பாட்டின் பங்கு ஏன் முக்கியம்?

1857இல் ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் ஏங்கல், பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுகளை ஆராய்ந்து ஒன்றைக் கண்டார். குடும்பம் எவ்வளவு ஏழையோ அவ்வளவுக்குச் சாப்பாட்டின் பங்கு அதிகம். வருமானம் கூடினால் உணவுச் செலவு கூடும், ஆனால் அதன் பங்கு குறையும். வயிற்றுக்கு ஓர் அளவு உண்டு, மற்ற ஆசைகளுக்கு இல்லை. மார்க்சின் நண்பர் ஏங்கெல்ஸ் வேறு, இவர் வேறு.

2023-24இல் இந்தியக் கிராமத்தில் உணவின் பங்கு 47.04 சதவீதம், நகரத்தில் 39.68. அமெரிக்காவில் 12.9. ஓய்வூதியப் பிடித்தத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 14.7. பணத்தின் மதிப்பை மாற்றும் தொல்லை இல்லாமல் இரண்டு நாடுகளை ஒப்பிட இருக்கும் நேர்வழி இந்தப் பங்குதான்.

தொகையாகவும் பார்க்கலாம். இந்திய நகரத்தில் ஆளுக்கு மாதம் 2,776 ரூபாய் சாப்பாட்டுக்குப் போகிறது. டாலருக்கு 20 ரூபாய் கணக்கில் 139 டாலர். அமெரிக்காவில் 333 டாலர். 2.4 மடங்குதான் வித்தியாசம். மொத்தச் செலவில் ஆறரை மடங்காக இருந்தது சாப்பாட்டில் இவ்வளவு சுருங்குகிறது. உணவுப் பொருள்களுக்கு இங்கே விலை அந்த 20 ரூபாய் சராசரி காட்டுவதை விட அதிகம் என்பதால் உண்மை இடைவெளி இதை விடச் சற்றுக் கூடும். எப்படியானாலும் பெரிய இடைவெளி இருப்பது தட்டில் அல்ல. வீடு, வாகனம், காப்பீடு, பொழுதுபோக்கு எல்லாவற்றிலும்தான்.

நம் தட்டும் மாறிக்கொண்டிருக்கிறது. 2011-12இல் கிராமத்துச் செலவில் தானியங்களின் பங்கு 10.69 சதவீதம். 2022-23இல் 4.91. இலவச அரிசி கணக்கில் ஏறாதது இதற்கு ஒரு காரணம், ஆனால் அது மட்டும் அல்ல. நகரத்தில் உணவுக்குள்ளேயே பெரிய பங்கு இப்போது பானங்களுக்கும் சிற்றுண்டிகளுக்கும் பதப்படுத்திய உணவுக்கும் போகிறது, மொத்தச் செலவில் 10.64 சதவீதம். டீக்கடையில் நின்று குடிக்கும் டீ, பார்சல் பரோட்டா, குழந்தைக்கு வாங்கும் சிப்ஸ் பாக்கெட் எல்லாம் இதில்தான் வரும். அமெரிக்காவில் உணவுச் செலவில் 39 சதவீதம் வெளியே சாப்பிடுவதற்குப் போகிறது.

பங்கைப் பார்க்கும்போது வகுக்கும் எண் எது என்று கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் ஏழை ஐந்தில் ஒரு பகுதியினர் 2023இல் உணவுக்கு 32.6 சதவீதம் செலவிட்டார்கள் என்று படித்தால், அது இந்திய நகரத்துக்கு அருகில் வந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் அந்த 32.6, வரி போக மிஞ்சும் வருமானத்தில் பங்கு. இந்தியக் கணக்கு மொத்தச் செலவில் பங்கு. அந்தப் பிரிவில் ஓய்வு பெற்றவர்களும் மாணவர்களும் நிறைய இருப்பதால் சேமிப்பிலிருந்தும் கடனிலிருந்தும் செலவழிக்கிறார்கள். செலவு வருமானத்தை விட அதிகம். இரண்டு சதவீதங்களையும் ஒரே அட்டவணையில் போடக்கூடாது.

சராசரிக்குள் யார் இருக்கிறார்கள்?

இந்திய நகரங்களில் மிகக் குறைவாகச் செலவிடும் 5 சதவீதத்தினரின் சராசரி, 2023-24இல் ஆளுக்கு மாதம் 2,376 ரூபாய். மிக அதிகமாகச் செலவிடும் 5 சதவீதத்தினருக்கு 20,310 ரூபாய். கிராமத்தில் 1,677, 10,137. மாநிலங்களுக்கிடையிலும் அப்படித்தான். சிக்கிம் நகரங்களில் 13,927 ரூபாய், சத்தீஸ்கர் கிராமங்களில் 2,739. 6,996 என்ற ஒற்றை எண்ணை "இந்தியக் குடும்பம்" என்று எழுதும்போது இவர்கள் எல்லாரும் அதற்குள் இருக்கிறார்கள்.

உண்மையில் மேல்தட்டு இதை விட உயரமாக இருக்கக்கூடும். பெரும் பணக்காரர்கள் கணக்கெடுக்க வருபவருக்குக் கதவு திறப்பது உலகம் முழுக்கவே குறைவு. கேள்வி கேட்கும் முறையும் எண்ணை மாற்றும். போன வாரம் எத்தனை முட்டை வாங்கினீர்கள் என்று கேட்டால் நினைவிருக்கும், போன ஆண்டு என்றால் இருக்காது. அமெரிக்காவில் பெரிய செலவுகளை மூன்று மாதத்துக்கொரு முறை நேர்காணலிலும், சிறு செலவுகளை ஒரு வார நாட்குறிப்பிலும் பதிகிறார்கள். இந்தியாவில் 2022-23 முதல் ஒரே வீட்டுக்கு மூன்று முறை போய் உணவு, பிற செலவு, நீடித்த பொருள்கள் என்று பிரித்துக் கேட்கிறார்கள். இதனால் 2011-12 எண்களோடு புதிய எண்களை ஒப்பிடும்போதும் கவனம் தேவை. இடையில் 2017-18இல் நடந்த கணக்கெடுப்பின் முடிவுகளை அரசு வெளியிடவில்லை. பதினோரு ஆண்டு இடைவெளி விழுந்தது.

கடைசியாகக் கணக்கைக் கூட்டினால்

1. மாற்று விகிதத்தில், ஆள் கணக்கில்: 30 மடங்கு.

2. வாங்கும் திறனில்: ஏறக்குறைய 7.4 மடங்கு.

3. ஓய்வூதியப் பிடித்தத்தைக் கழித்தால்: 6.5 மடங்கு.

4. சேர்ந்து வாழ்வதன் சிக்கனத்தையும் சேர்த்தால்: 5 மடங்கு. நான்கு பேருக்கு நான்கு குளிர்சாதனப் பெட்டி வேண்டாம், ஒன்று போதும். இதற்காக ஆட்களின் எண்ணிக்கையால் வகுக்காமல் அதன் வர்க்கமூலத்தால் வகுப்பது ஒரு வழக்கமான முறை. நான்குக்கு 2, இரண்டரைக்கு 1.58.

இவை எல்லாம் இந்திய நகரத்தோடு ஒப்பிட்டவை. கிராமத்தோடு ஒப்பிட்டால் மூன்றாவது படியிலேயே இடைவெளி 11 மடங்கு. எனக்கு மூன்றாவது படிதான் நியாயமாகப் படுகிறது. நான்காவதில் நான்கு பேர் என்ற ஊகம் கலக்கிறது. எந்தப் படியில் நின்று பேசுகிறோம் என்று சொல்லாமல் ஒரு எண்ணை மட்டும் வீசினால், அது முப்பதானாலும் ஐந்தானாலும் படிப்பவரை ஏமாற்றும்.

இதனால் என்ன ஆகிறது?

இந்தக் கணக்கெடுப்புகளின் முதன்மையான வேலை நாடுகளை ஒப்பிடுவதே அல்ல. பணவீக்கக் குறியீட்டில் எந்தப் பொருளுக்கு எவ்வளவு எடை என்பதை இவைதான் தீர்மானிக்கின்றன. அமெரிக்கா 2023 முதல் இந்த எடைகளை ஆண்டுதோறும் புதுப்பிக்கிறது. இந்தியாவில் 2012ஐ அடிப்படையாகக் கொண்ட குறியீடு, 2011-12 கணக்கெடுப்பின் எடைகளை வைத்தே ஓடியது. அதில் உணவுக்கும் பானங்களுக்கும் 45.86 சதவீத எடை.

2023 ஜூலையில் இந்தியாவில் தக்காளி விலை ஓராண்டுக்கு முந்தையதைப் போல மூன்று மடங்கானது. காய்கறிப் பணவீக்கம் 37.34 சதவீதத்தைத் தொட்டது. சில்லறைப் பணவீக்கம் மொத்தமாக 7.44 சதவீதத்துக்கு ஏறியது. அதற்கு ஓராண்டு முன்பு, 2022 ஜூனில், அமெரிக்காவில் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டபோது பெரிதாகத் தள்ளியவற்றுள் ஒன்று பெட்ரோல், ஓராண்டில் ஏறக்குறைய 60 சதவீதம் ஏறியிருந்தது. காரில் போகாமல் வேலைக்குப் போக முடியாத ஊர்களில் வாழும் அமெரிக்கக் குடும்பங்கள் அந்தக் கோடையில் பெட்ரோல் பங்க்கில் தவித்தார்கள். நம் வீடுகளில் ரசத்துக்குத் தக்காளிக்குப் பதில் புளியைக் கூடக் கரைத்தார்கள்.